ஊசியில்லாத ஸ்கேனும் ரைட் நானாவும்

பாலாவிக்கும் கற்பிட்டிக்கும் இடையில் கடலை விட அதிகமாகச் சத்தம் போட்டவர் ஒருவர்தான். அவர் ஊருக்கே அண்ணனான எங்கள் ரைட் நானா, பஸ் கொண்டக்டர். பஸ்ஸை எடுக்கச் சொல்லி அவர் நுரைச்சோலையில் "ரைட்" என்று கத்தினால், அடுத்த ஹோல்ட்டில் நிற்பவர்கள் பையைத் தூக்கிவிடுவார்கள்.

டிக்கட் கொடுத்துக்கொண்டே யாருக்கு மாப்பிள்ளை சரிவந்தது, யாருடைய ஆடு தொலைந்தது எல்லாம் விசாரிப்பார். ஒருமுறை, கோபித்துக்கொண்டு உம்மா வீட்டுக்குப் புறப்பட்ட ஒரு பெண்ணைக் கற்பிட்டி போவதற்குள் சமாதானப்படுத்தி, அதே பஸ்ஸில் திருப்பிக் கொண்டுவந்து புருஷனிடம் இறக்கிவிட்டார். புருஷனுக்குத் தனியாக ஏச்சு விழுந்தது.

அப்படிப்பட்டவருக்கு ஒருநாள் கதை நடுவில் நின்றுபோனது. வாய் திறந்திருக்கிறது, சொல் வரவில்லை. பஸ்ஸே பயந்துபோனது. மூளையில் கட்டி என்றார்கள். கொழும்பில் ஒப்பரேஷன், பிறகு கதிர்ச் சிகிச்சை. பேச்சு திரும்பிய அன்றே பக்கத்துக் கட்டில்காரர் வேறு வார்டு கேட்டதாக ராத்தா, அதாவது அவர் மனைவி, பெருமையாகச் சொன்னார்.

சில மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில், வெட்டிய இடத்தில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. பக்கத்து வீட்டுக்காரன் என்று நானும் கூடப் போயிருந்தேன். கட்டி மறுபடி முளைக்கிறதா, கதிர் பட்ட தழும்பா என்று அந்தப் படத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது என்றார் டொக்டர். கட்டியென்றால் அங்கே இரத்தம் நிறைய ஓடும், தழும்பென்றால் குறைவு. அதைப் பார்க்க வழக்கமாக ஊசியில் மருந்து ஏற்றுவார்கள். நானாவுக்கு நீரிழிவு, அந்தச் சீனி வருத்தத்தால் கிட்னி பலவீனம், அந்த மருந்து ஆகாது. ஆகவே ஊசியே இல்லாமல், கழுத்தால் போகும் இரத்தத்துக்குக் காந்தத்தால் அடையாளம் வைத்து, அது எங்கே எவ்வளவு போய்ச் சேருகிறது என்று பார்க்கலாம் என்றார்.

நானாவின் முகம் மலர்ந்தது. எலுவன்குளம் பாதையில் யானை மறித்தபோது இறங்கிப் போய் அதனோடு கதைத்தவர், ஊசியைக் கண்டால் மயங்கி விழுவார்.

"அப்ப என்ட ரெத்தத்துக்கு டிக்கட் குடுத்து, எந்த ஹோல்ட்ல எத்தின பேர் எறங்குறாங்கன்டு பாக்கப் போறீங்க," என்றார். டொக்டர் சற்று யோசித்துவிட்டு, ஓம், அதேதான் என்றார்.

ஒரே நிபந்தனை, அசையக் கூடாது. ஆடாமல் இருங்கள் என்று ஸ்கேன் எடுக்கும் மிஸ்ஸின் குரல் காதில் கேட்டதும், ஆடமாட்டேன் என்று தலையை ஆட்டினார் நானா. படம் கலங்கிப்போனது. அடுத்த தடவை, மிஸ்ஸுக்கு எந்த ஊர் என்று விசாரித்தார். அதுவும் கலங்கியது.

கடைசியில் காப்பு, மோதிரம் எல்லாம் கழற்றச் சொல்லி ராத்தாவை உள்ளே விட்டார்கள். அவர் நானாவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னாராம்: "இஞ்ச பாருங்க. இப்ப கொஞ்சம் வாய மூடிக் கெடந்தாத்தான் இன்னும் கனகாலம் கதைக்கலாம். எனக்கு நீங்க கதைக்கோணும்."

அதன்பிறகு நானா அசையவில்லை. வெளியே கதிரையில் இருந்த எனக்கு மெஷின் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. அவர் உள்ளே பேசாமல் கிடக்கிறார் என்று நினைத்ததும் எழுந்துபோய்க் கதவில் காதை வைத்தேன்.

பின்னேரம் டொக்டர் கூப்பிட்டார். அந்த வெள்ளை இடத்தில் இரத்த ஓட்டம் குறைவு, தழும்பு போலத்தான் தெரிகிறது, இப்போதைக்கு வெட்டத் தேவையில்லை, தொடர்ந்து பார்த்துக்கொள்வோம் என்றார். அல்ஹம்துலில்லாஹ் என்று ராத்தா கதிரையில் அப்படியே சாய்ந்துவிட்டார்.

ஊர் திரும்ப வேனில் ஏறியதும் நானா தொடங்கினார். மெஷின் போட்ட சத்தம், மிஸ்ஸுக்கு இன்னும் கலியாணம் ஆகாதது, டொக்டரின் மூக்கு. நீர்கொழும்பு தாண்டியும் முடியவில்லை. ட்ரைவர் பாட்டுப் போடக் கையை நீட்டினார். வேண்டாம் என்று அவர் தோளைத் தொட்டேன்.