சல்லடை பாயும் மூன்று ஓலையும்

சல்லடை பாயைப் பற்றித் தெரிந்து என்ன செய்யப் போகிறீர்கள்? அடுப்பில் பால் பொங்கினால் அணைக்க ஆளில்லை, ஊரார் கதை என்றால் மட்டும் காது நீண்டுவிடுகிறது. சரி, கேளுங்கள். பாபநாசம் வட்டாரத்திலேயே காற்றை நம்பாத ஒரே மனிதர் அவர்தான்.

வளைகுடாவில் பல வருஷம் ரேடியோ பழுது பார்த்துவிட்டுத் திரும்பியவர். காற்றில் கண்டவன் பேச்சும் மிதக்கிறதாம், அது மெஷினுக்குள் புகுந்து கெடுக்கிறதாம். அதனால் கண்ணில் பட்டதையெல்லாம் கம்பிவலையால் மூடுவார், சல்லடை என்ற பேர் அப்படி வந்ததுதான். ஒருமுறை செல்போனையே வலைக்கூண்டுக்குள் வைத்துவிட்டு, யாரும் தன்னைக் கூப்பிடுவதில்லை என்று ஒரு வாரம் வருத்தப்பட்டார்.

நானும் சிரித்தவள்தான், என் கடைசி மகளின் கல்யாண ஓலையைக் கோயிலில் வாசிக்கும்வரை. கிறிஸ்தவர்களான எங்களில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் கல்யாண அறிவிப்பை, அதுதான் ஓலையை, வாசிப்பார்கள். முதல் ஞாயிறு, மாப்பிள்ளையின் அம்மா கீழ்வேளூரிலிருந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இந்தத் திருமணத்துக்குத் தடை இருந்தால் தெரிவிக்கவும் என்றார் சாமியார். ஒலிபெருக்கி உடனே தெரிவித்தது.

"இருக்கு, இருக்கு. ரெண்டு இருக்கு. வாசல்ல நிக்குது."

கோயிலே வாசல் பக்கம் திரும்பியது. அங்கே ஒரு சைக்கிள்தான் நின்றது. அடுத்த மனையில் இருக்கும் அரிசி ஆலையில் வாக்கிடாக்கியில் லாரிக் கணக்கு சொல்லியிருக்கிறார்கள். அது எங்கள் ஆம்ப்ளிபயரில் புகுந்துவிட்டது. எவ்வளவு விளக்கியும் அந்த அம்மா முகம் தெளியவில்லை.

"மூணு ஓலையும் முடியட்டும் சம்பந்தி. அப்புறம் பத்திரிகை அடிப்போம்."

பூசை நேரத்தில் மட்டும் வாக்கிடாக்கியை நிறுத்தச் சொல்லி ஆலைக்குப் போய்க் கேட்டேன். ஆலைக்காரரோ, ஞாயிற்றுக்கிழமை என்றால் லாரி வராதா என்றார். மைக் இல்லாவிட்டால் சாமியார் குரல் மூன்றாவது பெஞ்சைத் தாண்டாது. பாயிடம் ஓடினேன்.

அவர் ஆம்ப்ளிபயரைச் சுற்றி எலி நுழையாத இரும்பு வலையில் கூண்டு கட்டினார். காற்றில் வருவது வலையில் மாட்டி, எர்த் கம்பி வழியாக மண்ணுக்குள் போய்விடும் என்றார். இரண்டாவது ஞாயிறு அதே கேள்வி. கரகரவென்று ஒரே ஒரு "இருக்கு" வந்தது.

மாப்பிள்ளையின் அம்மா என் காதருகே குனிந்தார். "ஒண்ணு குறைஞ்சிருக்கு போல."

பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். மைக் வயரை அவர் மூடவில்லை. அது வழியாக வந்திருக்கிறது. "வீட்டைப் பூட்டிட்டு கொல்லைக் கதவைத் தொறந்து வச்சுட்டேம்மா" என்றார். அந்த வாரம் முழுக்க உட்கார்ந்து, வயர் நெடுகப் பின்னிய செம்புவலையில் உறை போட்டார். சனிக்கிழமை சோதித்தால் இன்னும் முணுமுணுப்பு. எர்த் கம்பி இறங்கிய மண்ணைத் தோண்டிப் பார்த்தார். கோடை, வாய்க்காலில் தண்ணீர் இல்லை, மண் ஓடாகக் காய்ந்து கிடந்தது. காய்ந்த மண் எதையும் வாங்கிக்கொள்ளாதாம்.

மூன்றாவது ஞாயிறு. ஓலையைக் கையில் எடுத்தார் சாமியார். ஜன்னல் வழியே பார்த்தால், வெயிலில் தொப்பியோடு பாய், அடிபம்பிலிருந்து குடம் குடமாகச் சுமந்து சுவரோரம் எர்த் கம்பியடியில் ஊற்றிக்கொண்டிருந்தார். ஆலை வாசலில் லாரி வரிசை தெருமுனை வரை நின்றது.

தடை இருந்தால் தெரிவிக்கவும் என்றார் சாமியார்.

ஒலிபெருக்கி வாய் திறக்கவில்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும். அவர் அடுத்த வரிக்குப் போனார். மாப்பிள்ளையின் அம்மா பையைத் திறந்து, கல்யாணப் பத்திரிகையின் மாதிரி அச்சு ஒன்றை எடுத்து என் மடியில் வைத்தார். "எழுத்து பெரிசா இருக்கட்டுமா சம்பந்தி?"

பெரிசாவே இருக்கட்டும் என்றேன். வெளியே வந்தபோது பாயின் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. குடத்தைக் கீழே வைக்காமலே, வந்துச்சா என்று சைகையில் கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன்.

தெருப் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். பூசை நேரம் பூராவும் சுவருக்குத் தண்ணீர் ஊற்றினாரே, பாய் உனக்கு என்ன உறவு என்று கேட்டார்கள்.

"பொண்ணுக்குத் தாய்மாமன்டி" என்றேன். "வேற யாரு இந்த வெயில்ல நிப்பா?"