கோட்டைச்சாமி பிடுங்கிய குழாய்

கார் லேசாக நடுங்கினால் போதும் என்றுதான் கோட்டைச்சாமி நினைத்தார். அதற்காக விடிந்ததும் பானட்டைத் திறந்து, இன்ஜினுக்குக் காற்று போகும் இடத்திலிருந்த சின்ன ரப்பர் குழாயைப் பிடுங்கிவைத்தார். இப்போதோ கார் குளிர்காய்ச்சல் கண்டதுபோல் உதறியது.

காரை விலைக்கு வாங்க வந்த விக்னேஷ்வரன் பின்வாங்கினார். "என்னங்க, நின்ன எடத்துலயே இந்த ஆட்டம் ஆடுது?"

"பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்." சொல்லிவிட்டு, கோட்டைச்சாமி தாமும் ஒருமுறை பானட்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

சாத்தூர்ப் பக்கம் முதன்முதலில் வந்த இன்ஜெக்‌ஷன் இன்ஜின் கார் அது. மனைவி கற்பகவல்லி புதுப்பெண்ணாக அதில்தான் வந்து இறங்கினாள். இருக்கன்குடிக் கோயிலுக்குப் போகும் வழியில் முன்சீட்டில் உட்கார்ந்து காராச்சேவுப் பொட்டலத்தைத் தனியாகவே காலி பண்ணினாள். அந்தக் கற்பகவல்லிதான் போன மாதம், "வாசல அடைச்சுக்கிட்டு நிக்குது, வித்துருவமா?" என்றாள். கோட்டைச்சாமி அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல் தலையாட்டிவிட்டார்.

வண்டியைப் பார்த்துச் சொல்ல வந்திருந்த மெக்கானிக் முத்துப்பாண்டி ஒரு துண்டு ட்யூபைக் காதில் வைத்து, மறுமுனையை இன்ஜின்மேல் நகர்த்தினான். "எங்கிட்டோ காத்து உறிஞ்சுது அண்ணாச்சி."

அவன் ஸ்பேனர் எடுக்கத் திரும்பியதும், கோட்டைச்சாமி தாம் பிடுங்கிய குழாயை அவசரமாக மாட்டினார். நடுக்கம் நிற்கவில்லை. அழுத்திச் செருகினார். பக்கத்துக் குழாய் கையோடு வந்துவிட்டது.

"ஸ்ஸ்ஸ்..."

எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு இருளாண்டிக்கு ஏழாயிரம்பண்ணைப் பட்டாசுக் கம்பெனியில் வேலை. அந்தச் சத்தம் கேட்டால் ஓடிவிட்டுத்தான் யோசிக்கவேண்டும் என்பது அங்கே முதல் பாடம்.

"ஏலே, ஓடுங்கலே!"

தெருவே ஓடியது. தெருவுக்கும் முன்னால் ஓடிய விக்னேஷ்வரன் பஸ் ஏறித்தான் திரும்பிப் பார்த்தார். வண்டி வேண்டாம் என்று போன் மட்டும் வந்தது.

கோட்டைச்சாமிக்குச் சந்தோஷம் வரவில்லை. கண் கலங்கிவிட்டது. "முத்துப்பாண்டி, விக்க மனசில்லாம ஒரே ஒரு குழாயத்தாம்லே புடுங்குனேன். அதையும் மாட்டிட்டேன். எம் வண்டியக் கொன்னுட்டேனேலே!"

கையோடு வந்ததை முத்துப்பாண்டி திரும்ப மாட்டினான். பிறகு முழங்கைவரை உள்ளே விட்டு, அடியில் கழன்று தொங்கிய வேறொரு குழாயையும் செருகினான். நடுக்கம் நின்று, வண்டி பழையபடி மெல்ல முனகியது.

"நான் அதத் தொடவே இல்லியே! அது எப்படிலே கழண்டுச்சு?"

அடுப்படியில் பாத்திரச் சத்தம் சட்டென்று நின்றது. முத்துப்பாண்டி கையைத் துடைத்துக்கொண்டான்.

"எதக் கழட்டுனா வண்டி நடுங்கும்னு நேத்து மதினிதான் அண்ணாச்சி எனக்குப் போன் போட்டுக் கேட்டாக."