ஓட்டுநரின் காதும் அலுவலகத்தின் புருவமும்

நகர நீர் விநியோக அலுவலகத்தின் குறைகேட்புப் பிரிவில் மூன்று கவுண்டர்கள் உண்டு. குழாயில் தண்ணீர் வராதவர்கள், வராத தண்ணீருக்குக் கட்டணம் வந்தவர்கள், பக்கத்து வீட்டுக் கட்டணம் தன் தலையில் விழுந்தவர்கள் என்று ஊரில் பாதிப் பேர் அங்கேதான் நிற்பார்கள். பிரிவின் பணி, பெயரிலேயே இருப்பதுபோல, குறையைக் கேட்பது. தீர்ப்பது வேறு பிரிவு. அது எந்த மாடியில் இருக்கிறது என்பது பற்றி அலுவலகத்தில் இரு வேறு கருத்துகள் நிலவின.

இப்படிச் செவ்வனே நடந்துகொண்டிருந்த இடத்துக்குப் புது இயக்குநர் வந்து சேர்ந்தார். வந்ததும் மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒரு நாள் முழுக்கக் கவனித்தார். மக்கள் கோபித்துக்கொண்டு போவது தண்ணீர் வராததால் அல்ல, ஊழியர்களின் புருவம் படுத்துக் கிடப்பதால் என்று கண்டுபிடித்தார்.

"என் மனைவி போன மாசம் புருவ லேமினேஷன் பண்ணிக்கிட்டா. அதுலேர்ந்து நான் எதைச் சொன்னாலும் ஆச்சரியமா கேக்கிறா. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நடக்காத அதிசயம்!" என்றார் கூட்டத்தில்.

மறுநாள் ஆணை வந்தது. 'பொதுமக்களின் குறைகளை உயர்ந்த புருவத்துடன் செவிமடுப்பது தலையாய கடமையாதலால், கவுண்டரில் அமர்வோர் யாவரும் புருவ லேமினேஷன் செய்துகொள்ளப் பணிக்கப்படுகிறார்கள். தவறுவோர் பழைய கோப்பு அறைக்கு மாற்றப்படுவார்கள்.'

மூன்றாம் கவுண்டர் அம்மாள் ஆணையை இரண்டு தடவை படித்துப் பார்த்தாள். அவளுக்குத் தோல் வியாதி. புதுச் சோப்பு போட்டாலே படை படையாகக் கிளம்பும். கோப்பு அறைத் தூசியோ அதைவிட மோசம். ஒரு தடவை எதையோ தேடி உள்ளே போய் வந்ததற்கே கழுத்திலிருந்து கை வரை சிவந்து, தூங்காமல் கிடந்தவள்.

"லேமினேஷன்னா அடையாள அட்டைக்குப் போடுவாங்களே, அதுவா?" என்று கேட்டார் அவள் வீட்டுக்காரர்.

"ஏதோ மருந்து தடவுவாங்களாம். சுருள் முடியை நேராக்குற மருந்து இருக்குல்ல, அந்த ஜாதி. புருவ முடியை இளக வச்சு, மேல பாத்துச் சீவி, பசை போட்டு நிறுத்திடுவாங்க. ஒன்றரை மாசம் அப்படியே நிக்குமாம்."

"சோப்புக்கே தாங்காத உடம்பு. கண்ணுக்கு மேல மருந்தா? வேணாம்மா."

"வேணாம்னா கோப்பு அறைங்க. அங்க போனா ஒரே வாரத்துல உடம்பு பூரா தோல் உரிஞ்சிடும்."

இந்தப் பக்கம் போனால் இடி, அந்தப் பக்கம் போனால் உதை. அம்மாள் துணிந்து இயக்குநரிடமே போனாள்.

"ஐயா, மருந்துப் பெட்டி மேலேயே போட்டிருக்கு. படை, புண்ணு இருக்கிறவங்க செஞ்சுக்கக் கூடாதாம். மத்தவங்களும் முன்னாடியே காதுக்குப் பின்னால துளி தடவி, ஒரு நாள் பொறுத்துப் பாக்கணுமாம்."

"அருமையான யோசனை! உடனே பண்ணிடுவோம்" என்றார் இயக்குநர். எல்லோர் காதிலும் தடவிக்கொண்டிருந்தால் வேலை கெடும் அல்லவா? ஆகவே அலுவலகத்தின் சார்பில், அப்போது சும்மா இருந்த வண்டி ஓட்டுநரின் காதுக்குப் பின்னால் தடவினார்கள். வெயிலிலும் எஞ்சின் சூட்டிலும் வெந்து எருமைத் தோலாகிப்போன காது அது. மறுநாள் இயக்குநர் டார்ச் அடித்துப் பார்த்தார். காது காதாகவே இருந்தது. 'இவ்வலுவலகத்துக்கு ஒவ்வாமை இல்லை எனச் சான்றளிக்கப்படுகிறது' என்று கையெழுத்துப் போட்டார்.

"ஐயா, அது டிரைவர் காதுங்க!"

"டிரைவர் யாரு? நம்ம ஊழியர்தானே? ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்."

"எனக்கு மட்டுமாவது விலக்கு குடுங்கய்யா."

"தாராளமா. பாதிப்பு வந்ததுன்னு டாக்டர் சான்று கொண்டு வாங்க."

"வர்றதுக்கு முன்னாடி எப்படிங்கய்யா சான்று தருவாங்க?"

"அதனாலதான் முதல்ல செஞ்சுக்கச் சொல்றேன்."

"செஞ்சு, பாதிச்சப்புறம் விலக்கு எதுக்குங்க?"

"அடுத்த ஒன்றரை மாசத்துக்கு" என்றார் இயக்குநர், கருணை பொங்க.

அலுவலகத்துக்கு எதிரிலேயே அழகு நிலையம். அங்கே நாற்காலியில் சாய்ந்ததும் அம்மாள் கடைசியாக ஒரு தடவை கேட்டுப் பார்த்தாள்.

"எனக்கு இது சரிப்பட்டு வருமாம்மா?"

"கண்ணுக்கு மேல முடி இருக்குல்ல? அப்ப சரிப்பட்டு வரும்" என்றாள் அழகு நிலையக்காரி.

"பெட்டியில என்னென்னமோ எழுதியிருக்கே?"

"எழுதணுமேன்னு எழுதுறது அக்கா. சிகரெட் பெட்டியில எழுதலையா?"

"அதுல எழுதினது உண்மைதானேம்மா?"

"கண்ணை மூடுங்க."

கொஞ்ச நேரம் கழித்து அம்மாள் முனகினாள். "எரியுதும்மா."

"எரிஞ்சாதான் வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

"ஐயோ, ரொம்ப எரியுது!"

"அப்ப ரொம்ப நல்லா வேலை செய்யுது."

மறுநாள் காலையில் அம்மாளுக்குக் கண்ணே திறக்கவில்லை. இமை இரண்டும் வீங்கி, புருவம் புண்ணாகி நீர் வடிந்தது. கண் தப்பியதே பெரிய விஷயம் என்று டாக்டர் சத்தம் போட்டார். பொருக்கு உதிர்ந்தபோது முடியும் சேர்ந்து உதிர்ந்தது. திரும்ப முளைக்க மாசக்கணக்காகலாம், முழுசாக முளைக்குமா என்று சொல்ல முடியாது என்றார். அம்மாள் கண்ணாடியில் பார்த்துத் தேம்பித் தேம்பி அழுதாள். அழுதும் புருவமில்லாத முகத்தில் அழுகை சரியாகத் தெரியவில்லை என்பது தனி வேதனை.

விடுப்பு முடிந்து திரும்பினால், திட்டம் அமோக வெற்றி! இரண்டாம் கவுண்டர்க்காரிக்குப் புருவம் பிரஷ் மாதிரி விறைத்து நின்றது. தண்ணீர் வரவில்லை என்றாலும் புருவம் மேலே. சாக்கடை கலந்து வருகிறது என்றாலும் மேலே. மாமியார் செத்துவிட்டாள், இணைப்பை என் பேருக்கு மாற்றுங்கள் என்றாலும் அதே ஆச்சரியம். சொன்னவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிம்மதியாகப் போனார்கள்.

மூன்றாம் கவுண்டரில் ஈ ஓட்டவும் ஆளில்லை. வரிசையில் நிற்கப் பொறுமையில்லாத ஒன்றிரண்டு பேர்தான் வந்தார்கள். பொழுது போகாமல் அம்மாள் ஒரு விபரீதம் செய்தாள். மனுவை வாங்கிப் படித்து, குழாய் பழுது பார்ப்பவருக்குத் தானே போன் போட்டு, வேலையை முடிக்க வைத்தாள். கேளுங்கள் இந்த அநியாயத்தை!

அடுத்த நாளே ஒரு பெரியவர் இயக்குநர் அறைக்கு வந்து அவள்மேல் புகார் கொடுத்தார். அம்மாளைக் கூப்பிட்டு எதிரிலேயே விசாரணை நடந்தது.

"என்ன குறை வச்சாங்க?"

"வேலையில குறை இல்லைங்க. சாயந்திரமே தண்ணி வந்துடுச்சு. ஆனா நான் பேசப் பேச மூஞ்சி கல்லு மாதிரிங்க! ரெண்டாம் நம்பரம்மாகிட்ட எத்தனை தடவை போனேன், அத்தனை தடவையும் என்னமா கேட்டுச்சு தெரியுமா?"

"அப்ப தண்ணி வந்துதா?"

"வரலீங்க. ஆனா மனசு நிறைஞ்சுது."

இயக்குநர் அம்மாளின் டாக்டர் சான்றை ஆதியோடந்தமாகப் படித்தார். "எல்லாம் சரியா இருக்கு. இனி நீங்க லேமினேஷன் பண்ணிக்கவே வேண்டாம், விலக்கு கொடுத்தாச்சு. கவுண்டர்ல லேமினேஷன் பண்ணவங்கதான் உக்காரணும். அதனால நாளையிலேர்ந்து கோப்பு அறைக்குப் போயிடுங்க."

கோப்பு அறைக்குப் போன கொஞ்ச நாளிலேயே கழுத்து சிவந்தது, கை வெடித்தது. அம்மாள் பொறுத்துப் பார்த்தாள், முடியவில்லை. நடந்ததையெல்லாம் மனுவாக எழுதினாள். ஊழியர் குறையும் குறைதான் என்று விதி இருந்ததால், இரண்டாம் கவுண்டர் வரிசையில் போய் நின்றாள்.

"சொல்லுங்க அக்கா" என்றாள் இரண்டாம் கவுண்டர்க்காரி.

அம்மாள் சொன்னாள். எரிந்ததை, கண் வீங்கியதை, முடி போனதை, தூசியை, தூக்கமில்லாததை எல்லாம் கொட்டித் தீர்த்தாள். எதிரே அந்தப் புருவங்கள் ஒரு கணம்கூடத் தாழவில்லை. அம்மாளுக்குப் பொங்கிப் பொங்கி வந்தது. அழுது முடித்தபோது, நெஞ்சிலிருந்து பாறாங்கல்லை இறக்கி வைத்ததுபோல இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரர் கேட்டார். "மனுவை வாங்கிக்கிட்டாங்களா?"

அம்மாள் கைப்பையைத் திறந்தாள். மனு மடித்தது மடித்தபடியே இருந்தது.

"வாங்கிக்கலை" என்றாள் கையைச் சொறிந்துகொண்டே. "ஆனா என்னமா கேட்டாங்க தெரியுமா! நாளைக்கும் ஒரு தடவை போயிட்டு வரணும்."