ஆந்தைக் கண் மாமா

மனிதரில் இரண்டு வகை உண்டு. இருட்டில் தனக்குக் கண் தெரியாது என்று அறிந்தவர் ஒரு வகை. அறியாதவர் மறு வகை. முதல் வகை டோர்ச் வைத்திருக்கும். இரண்டாம் வகை நமக்கு வழிகாட்டும்.

முந்தல் ஊரில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் மீராசாஹிப் இரண்டாம் வகை. நாள்தோறும் மின்வெட்டு வந்த அந்த வருடத்தில் அவர் ஆந்தையைப் பற்றி எங்கேயோ வாசித்துவிட்டார். அதன்பின் விடுவாரா? ஆந்தையின் கண்மணி இருட்டில் அகல விரியும், மங்கல் வெளிச்சத்தை உணரும் கலங்கள் அதன் விழித்திரையில் நெருங்கிக் கிடக்கும், பக்கி என்ற இராப் பறவைக்கோ விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி போல ஒரு படலமே உண்டு, தப்பிப்போகும் வெளிச்சத்தை அது திருப்பி அனுப்பும் என்று, ஆணி வாங்க வந்தவர்களையெல்லாம் நிறுத்திவைத்து விளக்கினார். இதுவரை சரி. அரை மணித்தியாலம் இருட்டில் பழகினால் மனிதனுக்கும் அதே பார்வை வந்துவிடும் என்றாரே, அங்கேதான் வினை.

அவருடைய மருமகன் நௌஃபருக்குக் கனமூலையில் கலியாணம். மாப்பிள்ளை வீட்டார் பதினொரு பேரை ஏற்றிவந்த வேன், பெண் வீட்டுக்கு ஒரு மைல் இருக்கையில் டீசல் முடிந்து நின்றது. மஃரிப் தொழுகை நேரம் தாண்டி இருட்டிவிட்டது. இஷாத் தொழுகைக்குப் பிறகு நிக்காஹ். ஃபோன் வெளிச்சத்தில் தார் ரோட்டால் நடக்கலாம் என்றார்கள். மாமா சம்மதிப்பாரா? இறால் பண்ணை ஓரமாகக் குறுக்குவழி இருக்கிறதென்றும், வெளிச்சம் பட்டால் தம்முடைய பழகிய கண் கெட்டுவிடுமென்றும் சொல்லி, அத்தனை ஃபோனையும் அணைக்க வைத்தார். கலியாண நாளில் மாமாவோடு வாதாட முடியுமா? நௌஃபரும் அணைத்தான்.

அவனுடைய தங்கை ஸும்ரா பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். அவள் மட்டும் நின்றாள்.

"மாமா, ஆந்த கண்ண மட்டும் நம்பிப் போறல்ல. காதாலயும் கேட்டுத்தான் போகும். அங்கால தண்ணிச் சத்தம் கேக்குது."

"அது தென்னோலைச் சத்தம் மகள். எனக்குப் பாதை நல்லா வெளங்குது. வெள்ளையா, நேரா கிடக்கு."

வெள்ளையாக, நேராகக் கிடந்தது இறால் குளம்.

மாமா முதலில் போனார். அவர் தோளைப் பிடித்திருந்த மாப்பிள்ளை அடுத்துப் போனான். மாப்பிள்ளையின் கோட்டைப் பிடித்திருந்த இரண்டு மச்சான்மாரும் மரியாதைக்காகப் பின்னால் போனார்கள். இடுப்பளவு தண்ணீர். காலைச் சுற்றிலும் இறால்.

காவற்காரர் வின்சன்ட் ஒரு கையில் டோர்ச்சும் மறு கையில் பொல்லுமாக ஓடிவந்தார். போன கிழமைதான் அவருடைய குளத்தில் களவு போயிருந்தது. ஓங்கிய பொல்லு மாப்பிள்ளையின் தலைப்பாகையைக் கண்டு நின்றது.

"இறால் களவெடுக்கக் கோட்டும் போட்டுக்கொண்டா வந்தீங்க?" என்று கேட்டார்.

ஸும்ரா நடந்ததைச் சொன்னாள். வின்சன்ட் பொல்லை ஊன்றிக்கொண்டு சிரித்துத் தீர்த்தார். பிறகு நால்வரையும் கரையேற்றி, குடிலில் இருந்த தன் நல்ல சாரத்தை மாப்பிள்ளைக்கு இடுப்பில் உடுக்கக் கொடுத்து, டோர்ச்சோடு முன்னே நடந்தார்.

கட்டம்போட்ட சாரத்தில்தான் நிக்காஹ் நடந்தது. பெண் மர்ளியா தன்னைக் கண்டால் என்ன நினைப்பாளோ என்று நௌஃபர் கூசிப்போயிருந்தான். அவள் கண்டாள், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அடக்கவே முடியவில்லை. அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கூச்சம் போயிற்று.

மாமாவோ சாப்பாட்டில் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு, தண்ணீரை முன்பே கண்டதாகவும், வரம்பு வழுக்குவது ஆந்தைக்கும் தெரியாதென்றும் விளக்கிக்கொண்டிருந்தார்.

சிரிக்கிறீர்கள். நல்லது. போன தடவை மின்சாரம் போனபோது, "லைட் என்னத்துக்கு? எங்கட வீடு எனக்குத் தெரியாதா?" என்று வீறாப்பாக எழும்பி நடந்தவர் யார்? அலுமாரி சுகமாக இருக்கிறது. உங்கள் முழங்கால் எப்படி?