மிட்டாய்க்கு மூன்று மாப்பிள்ளை

“இன்னாங்க இது, அப்பன் யாருன்னே தெரியாதா?” என்று போனில் கேட்டார் கால்நடை டாக்டர் சிவசங்கர்.

அன்புச்செல்வன் போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டான். தியாகதுருகத்தில் செல்போன் கடை வைத்திருப்பவன் அவன். மனைவி அம்சவள்ளி அவனைவிட ஜாஸ்தி பாசம் வைத்திருப்பது மிட்டாய் என்கிற குட்டிப் பொமரேனியன்மேல். அந்த மிட்டாய் இப்போது வயிறு உப்பி, வீட்டுச் செருப்பையெல்லாம் கட்டிலுக்கடியில் சேர்த்து வைத்துக்கொண்டு, கிட்டே போனால் உறுமியது. கோடையில் ஒருநாள் கேட்டைத் திறந்து போட்ட மகானுபாவன் அன்புச்செல்வன்தான். வெளியே ஓடிய மிட்டாய் சாயங்காலம்தான் திரும்பியது.

“தாய் சின்னதா இருந்தா போதாதுங்க. அப்பன் பெருசா இருந்தா குட்டியும் பெருசாகி மாட்டிக்கும், தாய் உசுருக்கே ஆபத்து. அப்பன் சின்னதாவே இருந்தாலும் தாத்தன் பெருசுன்னா அந்த வாகும் இறங்கும். காலையில கள்ளக்குறிச்சிக்கு ஸ்கேனுக்குக் கொண்டாங்க. அதுக்குள்ள அப்பனை விசாரிங்க. பெரிய நாயின்னா ஆபரேஷனுக்குத் தயாரா இருக்கணும்.”

அம்சவள்ளி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “ஆபரேஷனா! மிட்டாய்க்கு இன்னாவாச்சும் ஆச்சு, நான் தாங்க மாட்டேன். கேட்டைத் தெறந்து போட்டது நீங்கதான!”

அன்புச்செல்வன் விசாரணைக்குக் கிளம்பினான். முதலில் அய்யனார் வீடு. அவருடைய கோம்பை நாய் கன்றுக்குட்டி உயரம்.

“எங்க ராசா அப்படிப்பட்டவன் இல்ல தம்பி. ஆபரேஷன் செலவை என் தலையில கட்டப் பாக்கிறியா?”

எதிர்வீட்டுப் பூமாலையும் கையை விரித்தாள். “எங்க அப்பு வாசப்படி தாண்டாதுப்பா. ஒழுக்கமான நாய்.”

ஊரில் ஒரு நாய்கூடத் தப்பான நாய் இல்லை. அத்தனையும் சந்நியாசம் வாங்கியவை.

அங்கேதான் அன்புச்செல்வனுக்குப் புத்தி கெட்டது. ஜோடி சேர்ந்த ஆண் நாயின் சொந்தக்காரருக்கு ஒரு குட்டி கொடுப்பது நாய் வளர்ப்பவர்களின் வழக்கம். ‘அப்பன் நாயைக் கொண்டுவருபவருக்கு ஒரு குட்டி’ என்று வாட்ஸப்பில் போட்டுவிட்டான்.

டீ ஆறுவதற்குள் வாசலில் கூட்டம்.

“எங்க அப்புதான்பா! வேப்பமரத்தடியில என் ரெண்டு கண்ணால பார்த்தேன். வெக்கமா இருந்துச்சு, சொல்லல” என்றாள் பூமாலை.

“இன்னாக்கா புளுகுற?” என்று பாய்ந்தார் அய்யனார். “அன்னிக்கு எங்க ராசா சோறே துன்னல. மூஞ்சியில அப்படி ஒரு கல்யாணக் களை!”

கல்வராயன் மலையிலிருந்து பைக்கில் வந்திறங்கினான் வேடியப்பன். முன்னால் ஒரு நாய், பின்னால் கூடையில் ஒரு நாய். “சந்தைக்கு வந்தப்ப இது காணாமப் போச்சுங்க. இங்கதான் வந்திருக்கு. இதோட அப்பனையும் கூட்டினு வந்திருக்கேன், சைஸ் பாத்துக்குங்க.”

அன்புச்செல்வன் மூன்று மாப்பிள்ளைகளையும் கண்ணாலேயே அளந்தான். ஒன்று முழங்கால் உயரம், ஒன்று தொடை உயரம், ஒன்று இடுப்பு உயரம். இதில் எதை டாக்டரிடம் சொல்வது?

“கற்பூரம் அணைச்சு சத்தியம் பண்ணுங்க!” என்று கத்தினான். பொய் சொன்னவர் பின்வாங்கிவிடுவார் என்று நினைத்தான், பாவம். மூன்று பேரும் வரிசையில் நின்று அணைத்தார்கள். பூமாலை பேரன்மேலும் சேர்த்துச் சத்தியம் செய்தாள்.

“அய்யய்யோ, மூணு பேருமா!” என்று அம்சவள்ளி சுவரோடு சாய்ந்தாள்.

பதறிப்போய் டாக்டருக்கு மறுபடி போன் போட்டான்.

“நடக்கும்ங்க. ஒரே ஈத்துல ரெண்டு மூணு அப்பன் இருக்கலாம். அதுல கோம்பை வேறயா? ஆபரேஷன்தான்.”

அன்றிரவு அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை.

காலையில் மருத்துவமனைக்கு மாப்பிள்ளை வீட்டார் மூவரும் நாய்களோடு வந்து நின்றார்கள். “பொட்டக் குட்டி எனக்கு!” “முதக் குட்டி எனக்கு!” என்று வாசலில் ஒரே ரகளை.

உள்ளே ஸ்கேன் எடுக்கும் கண்ணகி மிட்டாயின் வயிற்றில் கருவியை வைத்து உருட்டினாள். திரையை உற்றுப் பார்த்தாள். மறுபடியும் உருட்டினாள். அம்சவள்ளி கண்ணை இறுக மூடி, “அங்காளம்மா, எம்புள்ளய காப்பாத்து, இவருக்கு மொட்டை போடறேன்” என்று வேண்டிக்கொண்டாள். அன்புச்செல்வன் தலையைத் தடவியபடி நின்றான்.

“வெளியில இன்னாங்க சத்தம்?” என்றாள் கண்ணகி.

“அதுவா... குட்டிங்களோட அப்பன் வூட்டுக்காரங்க.”

கண்ணகி மிட்டாயின் வயிற்றைத் துணியால் துடைத்துவிட்டாள்.

“ஆம்பள நாய் கிட்டயே போகாட்டியும் சிலதுக்கு இப்படி வயிறு உப்பும்ங்க. பொய்ச்சினை. உள்ள ஒரு குட்டிகூட இல்ல.”