கம்பெனிக் கலாசாரத்தை நம்பி நான் வாய் திறந்த கதை

பிள்ளைகளே, "மனசுல இருக்கறதை ஒளிக்காம சொல்லுங்க" என்று சம்பளம் கொடுக்கிற இடத்தில் கேட்டால், டீயில் சர்க்கரை குறைவு என்று மட்டும் சொல்லுங்கள்.

நம் தீவு நாட்டில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு, நவுசோரியில் நான் வேலை பார்த்த இரும்புச் சாமான் கம்பெனியில் பாதிப் பேர் வெளிநாட்டுக்கு விண்ணப்பித்திருந்தார்கள். ஆனால் ஒருவரும் மூச்சுவிட மாட்டார்கள். போகிறவன் என்று தெரிந்தால் பதவி உயர்வு கிடையாது.

அப்போது பிள்ளை என்ற எங்கள் மேனேஜர் தலைநகர் சுவாவில் ஏதோ பயிற்சிக்குப் போய், 'கம்பெனிக் கலாசாரம்' என்று ஒன்றைக் கொண்டுவந்தார். எல்லாருக்கும் நீலச் சட்டை. திங்கட்கிழமை காலையில், மயக்கம் தரும் யங்கோனா வேர்ச்சாறு குடிக்க உட்காருவதுபோல வட்டமாக உட்கார வேண்டும். கிண்ணம் மட்டும் கிடையாது. (இருந்திருந்தால் நான் பேசியிருக்கவே மாட்டேன், தூங்கியிருப்பேன்.)

"நாம ஒரே குடும்பம். இங்க ஒளிவுமறைவே கூடாது" என்றார் பிள்ளை, நெஞ்சில் கைவைத்து.

அந்த வாரம்தான் ஸ்டோருக்கு சூப்பர்வைசர் போடப் போகிறார்கள். நான்தான் என்று பேச்சு. உண்மை பேசினால் இன்னும் மதிப்புக் கூடும் என்று நம்பி இந்த மடையன் எழுந்தான்.

"சார், மச்சான் கனடாவுக்குக் கூப்பிட்டிருக்கான். நானும் அப்ளை பண்ணிட்டேன்."

பக்கத்திலிருந்த முன்சாமி என் சட்டையைப் பிடித்து இழுத்தான். "அரே, உக்காருய்யா! உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?"

பிள்ளை மட்டும் கைதட்டினார். "சபாஷ்! இதுதான் கலாசாரம்!"

வெள்ளிக்கிழமை அந்தப் பதவி முன்சாமிக்குப் போனது. நான் கொதித்துப்போய்ப் பிள்ளையிடம் கேட்டேன்.

"போறவனுக்கு எதுக்குய்யா நாற்காலி? கம்பெனி மேல ஒரு விசுவாசம் வேணாமா?" என்றார்.

விசுவாசமாம்! மறுமாதமே அந்த விசுவாசம் குடும்பத்தோடு ஆக்லாந்துக்குப் பறந்துவிட்டது. வீட்டுச் சாமான்களை ஆள் வைத்து ரகசியமாக விற்றிருக்கிறார். உங்கள் அம்மா மலிவாகக் கிடைத்தது என்று வாங்கிவந்த மேசை விசிறியே அவர் வீட்டிலிருந்ததுதான்! அதன் காற்றில் உட்கார்ந்துதான் அவரைத் திட்டினேன். பிறகு முன்சாமி சாவியை மேசைமேல் வைத்துவிட்டு சிட்னிக்குப் போனான். என் கனடா விண்ணப்பம் மட்டும் தள்ளுபடியானது. கடைசியில் முதலாளி என்னையே சூப்பர்வைசர் ஆக்கினார். மேற்பார்வை பார்க்கத்தான் ஆளில்லை.

இன்றைக்கும் யாராவது என்னைப் புகழ்ந்தால் உங்கள் அம்மா குறுக்கே புகுந்து, புகழ்ந்தவரிடம் "உங்களுக்கு எப்போ பிளைட்டு?" என்று கேட்பாள். போன வாரம் கோயிலில், தமிழ்நாட்டிலிருந்து வந்த குருக்கள் என் பக்தியை மெச்சினார். அவரையும் விடவில்லை.

குருக்கள் தட்டைக் கீழே வைத்துவிட்டு அக்கம்பக்கம் பார்த்தார்.

"யாரும்மா சொன்னா?" என்றார்.