நாலாவது அடிக்கல்

பாராளுமன்ற உறுப்பினரும் அம்மாவின் கூடப்பிறந்தவருமான ஜெறோம் மாமாவுக்கு, மருமகள் நிருஷா எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நாங்கள் சுகம். வீட்டுச் சுவர்தான் சுகமில்லை.

செவ்வாய்க்கிழமை மலைத் தண்ணீர் விழும் பீலியில் துணி துவைக்கும்போது, துவைக்கிற கல்லில் சவுக்கார நுரை உங்கள் பெயரின் எழுத்துகளுக்குள் தங்கி நிற்பதைக் கண்டேன். ‘இருபது வீடுகளுக்குப் பிரதேச சபை உறுப்பினர் ஜெறோம் அவர்கள் நாட்டிய அடிக்கல்.’ அப்போது நான் முதலாம் வகுப்பு. சாந்துக்கரண்டி வைத்த தட்டைப் பிடித்து நின்றேன். நீங்கள் மாகாண சபைக்குப் போனதும் இரண்டாவது கல், அதற்கும் தட்டு நான்தான். பாராளுமன்றத்துக்குப் போனதும் மூன்றாவது, நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றிருந்தேன், தட்டு நிற்கவில்லை. தேயிலைத் தோட்டத்தில் சமமான தரை அந்த ஒரு துண்டுதான் என்பதால் பழையதைப் பிடுங்கிப் பிடுங்கித்தான் புதியதை நட்டீர்கள். முதலாவதில் துவைக்கிறோம். இரண்டாவது கோழிக்கூட்டுக்கு மூடி. போன மாதம் மண் சரிந்தபோது மூன்றாவதை நாங்களே பிடுங்கி, சாய்ந்த பின்சுவருக்கு முட்டுக் கொடுத்தோம். உங்கள் அரசியல் வாழ்க்கையில் ஒரு வீட்டைத் தாங்குவது அது ஒன்றுதான்.

நேற்று உங்கள் செயலாளர் சாள்ஸ் வந்தார். வீடு கட்ட உதவும் அமெரிக்கர்கள் ஞாயிற்றுக்கிழமை வருகிறார்களாம், நாலாவது கல்லாம், தட்டு நானாம், பழைய கல் எதுவும் கண்ணில் படக்கூடாதாம். யட்டியாந்தோட்டையில் அச்சடித்த உங்கள் வரலாற்றையும் காட்டினார். அதில், இருநூறு வருஷத்துக்கு முன் அமெரிக்காவில் ஒருவர் முதலில் தன் மாநில சபைக்கும், பிறகு நாட்டின் பெரிய சபைக்கும் போனாராம். நீங்களும் அவரைப் போலவே படிப்படியாக ஏறியவராம். கடைசி வரியை நீங்கள் வாசித்திருக்க மாட்டீர்கள். அந்த மனிதர் ஊருக்குச் சொன்ன பாலத்தைக் கட்டி முடித்து, பதவி போதும் என்று தன் வயலுக்குத் திரும்பினாராம். ஏறின வரைக்கும்தான் மாமா நீங்கள் இருவரும் ஒன்று.

மூன்றாவதை எடுத்தால் சுவர் விழும் என்று அம்மா சொல்லிப் பார்த்தார்.

“ஜெறோம் மந்திரிதுமா சொன்னா சொன்னதுதான், தெரேசம்மா. கல்லு கண்ணுல பட்டா, வீட்டு லிஸ்ட்டுல ஒங்க பேரு இருக்காது” என்றார் சாள்ஸ்.

அவர் போனதும் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். “ஏழாம் நம்பர்ல நம்ம பேரு இருக்கு. வாயத் தொறக்காம தட்டப் புடிடி.”

நான் என்றைக்கு வாயைத் திறந்தேன்? மூன்று லிஸ்ட்டிலும் நாங்கள் ஏழாம் நம்பர்தான். சுவருக்கு அந்த நம்பர் தெரியாது. அது மழைக்குத்தான் பயப்படும். அதனால் மாமா, இந்த முறை தட்டுப் பிடிக்க நான் வர மாட்டேன்.

உங்களுக்கும் மாமிக்கும் ஆண்டவர் நீண்ட ஆயுளும், எங்களுக்கு அதுவரை நிற்கிற சுவரும் தரட்டும்.

இப்படிக்கு,
நிருஷா

பி.கு.: ஞாயிறு காலை. கோபத்தில் எழுதியதை மன்னியுங்கள். அம்மா அழுகிறார், தட்டுப் பிடிக்க வருகிறேன். இந்தக் கடிதம் தட்டில் கரண்டிக்கு அடியில் இருக்கும். முதல் இரண்டு கற்களையும் தேய்த்துக் கழுவி, புதுக் குழிக்குப் பக்கத்தில் வரிசையாக நட்டுவிட்டேன். மூன்றாவதை அசைக்க முடியவில்லை. அதன் இடத்தில், எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் ‘மூன்றாவது கல்’ என்று ஒரு அட்டை எழுதி, எங்கள் வீட்டுப் பக்கம் அம்புக்குறி போட்டு வைத்தேன்.